எடை அட்டையைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள பால்வாடி டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும் வணக்கம்.

நேரில் பலமுறை சொல்லியாயிற்று. தேவனாம்பட்டினம் முழுக்கத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் மாதம் என் மகள் 7.4 கிலோ. ஒன்பதிலும் அதே, பத்திலும் அதே. சிரித்தாள், தவழ்ந்தாள், பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். மாதா மாதம் எடையைப் புள்ளியாக வைக்கும் அட்டையிலும், வயதுக்கேற்ற எடையைக் காட்டும் பச்சைப் பட்டையில்தான் இருந்தாள். சரி என்று விட்டுவிடலாம். டீச்சர் விடவில்லை. மூன்று புள்ளிகளையும் பேனாவால் சேர்த்து, படுத்துக் கிடந்த கோட்டை விரலால் காட்டினார். "பச்சையில இருந்தா போதாது கண்ணு, கோடு மேல ஏறணும்" என்றார்.

நடுவில் வந்த பேதிதான் காரணம். அது நின்ற பிறகும் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் அவள் வாயில் வாங்கவில்லை. நர்ஸம்மா வீட்டுக்கே வந்து, குழைத்த பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய், முட்டை, சத்துமாவு என்று கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஐந்தாறு தடவை ஊட்டச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. மறுபடி பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ்., கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை. பேதி நின்றாலும் மாத்திரையை முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா முள் எடுத்த மீனைக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். 12ஆம் மாதம் 8.4 கிலோ!

ஆயாம்மாவின் பொறுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கத்துகிற பிள்ளையின் சட்டையைக் கழற்றி, தராசு முள் ஆடி நிற்கும்வரை பேச்சுக் கொடுத்தே உட்கார வைப்பார். எடை தப்பினால் கோடும் தப்பிவிடும் அல்லவா?

டாக்டர் டேவிட் மோர்லிக்கும் என் நன்றி. நைஜீரியக் கிராமங்களில் வேலை பார்த்தபோது இப்படி ஓர் அட்டையை உருவாக்கி, அதை ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்காமல் தாயின் கையிலேயே கொடுக்கச் செய்தவர் அவர். இப்போது அட்டையில் அச்சிட்டிருக்கும் வளர்ச்சிக் கோடுகள் 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டவை. அதற்காக ஆறு நாடுகளில் அளந்த குழந்தைகளில் நம் டெல்லிக் குழந்தைகளும் உண்டு.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் எடையை ஏற்றுவதற்கே டீச்சரின் நேரமெல்லாம் போய்விடக்கூடாது. அம்மாக்களிடம் அட்டையைக் காட்டிப் பேசவும் அவருக்கு நேரம் கொடுங்கள்.

டீச்சர், அடுத்த எடை போடும் நாளில் எங்கள் தெருக் கைக்குழந்தைக்காரர்களை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
தேவனாம்பட்டினம், கடலூர்