செஞ்சியின் மீதிக் கதையையும் சொல்லுங்கள்

ஐயா, 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று என்ற செய்தி படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் சிவாஜி கைப்பற்றிய 1677-லிருந்து முகலாயர் பிடித்த 1698 வரை, மராட்டியர் காலம் வெறும் 21 ஆண்டுகள்; கோன் மரபினர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோட்டையை நாயக்கர்கள் விரிவாக்கினார்கள், அப்புறம் பீஜப்பூர் சுல்தான், பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று எத்தனை கைகள் மாறியது!

ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி இறங்கியபின், கல்யாண மகாலைக் காட்டி "இது யார் கட்டினது?" என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரிந்ததோ தேசிங்கு ராஜன் கதை மட்டும். அடிவாரத்தில், ஏறுவதற்கு முன்பே படிக்கும்படி, முழு வரலாற்றையும் ஆண்டு வரிசையில் தமிழில் ஒரு பெரிய பலகையாக வைக்கலாம்; நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்தாலும் சரி.