இந்தத் தடவை ரொட்டியைப் பார்த்துப் படி

அன்புள்ள மகளுக்கு,

'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை மறுபடி கையில் எடுத்ததாகவும், ஐம்பது பக்கம் தாண்டியும் பழைய விறுவிறுப்பு வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். வராதும்மா. கேபிடல் என்னும் தலைநகரம் பன்னிரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளை ஓர் அரங்கத்துக்குள் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை கொல்ல வைத்துத் தொலைக்காட்சியில் காட்டும் போட்டியின் கதை அது. யார் பிழைப்பார்கள் என்று தெரிந்துவிட்ட பிறகு விறுவிறுப்பு எப்படி வரும்? 2008-ல் வந்த இந்த நாவலைச் சூசன் காலின்ஸ் தன்மையிலும் நிகழ்காலத்திலும் எழுதினார். போட்டியில் நிற்கும் 12-ஆம் மாவட்டத்துப் பெண் கட்னிஸ் 'ஓடுகிறேன், ஒளிகிறேன்' என்று சொல்லிக்கொண்டே போவதால், அடுத்த பக்கத்தில் அவள் உயிரோடு இருப்பாளா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் வாசிப்பில் அதுதான் நம்மைத் தூங்க விடவில்லை. மறுவாசிப்பில் அதே நடை காலை வாரிவிடும். வேகம் இருக்கும், பதற்றம் இருக்காது. கண் வரிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போகும்.

அதனால் யார் செத்தார்கள், யார் மிஞ்சினார்கள் என்ற கணக்கை இந்தத் தடவை விட்டுவிடு. யாருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் பார். கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள். ரொட்டி, தானியம், சூப், பழம் என்று எது வந்தாலும் ஓரத்தில் ஒரு கோடு போடு. கடைசிப் பக்கத்தை எட்டும்போது கதையின் முதுகெலும்பே அந்தக் கோடுகளாகத்தான் இருக்கும்.

முதலில் புத்தகத்தின் கட்டுமானத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 27 அத்தியாயங்கள், மூன்று பகுதிகள், பகுதிக்கு ஒன்பது. அடுத்த இரண்டு பாகங்களும் இதே அளவுதான். காலின்ஸ் தொலைக்காட்சிக்கு எழுதிப் பழகியவர். மூன்று அங்க நாடகக் கணக்கு அவர் கையோடு ஒட்டியிருக்கிறது. அத்தியாய முடிவு ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி மாட்டியிருப்பார். அத்தியாயம் முடிகிற இடத்தில் புத்தகத்தை மூடினால் கொக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், திரும்பப் பிரித்தால் ஓட்டமாகத்தான் படிப்பாய். அத்தியாயத்தின் நடுவில், ஒரு காட்சி அடங்குகிற இடத்தில் நிறுத்து. ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற புத்தகம் இது. அந்த நேரத்தில் பாதியை முதல் ஒன்பது அத்தியாயங்களுக்கே கொடுக்கலாம். அரங்கத்துக்குள் நடப்பது எப்படியும் நினைவில் இருக்கும். அரங்கத்துக்கு முன்னால் நடந்ததைத்தான் எல்லோரும் மறந்திருப்போம்.

முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்கு வரும். அதைத் தாண்டிப் போகாமல் தாளில் போட்டுப் பார். போட்டிக்கு ஆள் எடுக்கும் ரீப்பிங் குலுக்கலில் 12 வயதில் உன் பெயர் ஒரு சீட்டு, 13-ல் இரண்டு, இப்படியே ஏறி 18-ல் ஏழு. வீட்டில் பசி என்றால் டெஸ்ஸரா வாங்கலாம்: ஒரு டெஸ்ஸராவுக்கு ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும், பதிலுக்குப் பெயர் ஒரு தடவை கூடுதலாக விழும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இப்படி வாங்கலாம். போட்ட சீட்டு எதுவும் மறு வருடம் போய்விடாது, சேர்ந்துகொண்டே வரும். கட்னிஸுக்கு 16 வயது. வயதுக்கு ஐந்து சீட்டு. அவள், தங்கை ப்ரிம், அம்மா என்று வருடத்துக்கு மூன்று டெஸ்ஸரா, ஐந்து வருடத்துக்குப் பதினைந்து. ஆக இருபது. அவளுடைய வேட்டைத் தோழன் கேலுக்கு 18, வயதுக்கு ஏழு, ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு ஏழு வருடத்தில் முப்பத்தைந்து, மொத்தம் 42. இரண்டு எண்களையும் காலின்ஸ் கதைக்குள்ளேயே சொல்லியிருக்கிறார், இரண்டும் அச்சு பிசகாமல் வருகின்றன. இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் ஒரே ஒரு சீட்டு மட்டும் போட்ட ப்ரிமின் பெயரை எடுக்க வைக்கிறார். தங்கைக்குப் பதிலாகக் கட்னிஸ் போகிறாள்.

இதன் அடியில் இன்னொன்று இருக்கிறது. மேயர் மகள் மேட்ஜிடம் கேல் சுள்ளென்று பேசுவான்: உனக்கு என்ன, மிஞ்சிப்போனால் ஐந்து சீட்டு இருக்கும், எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே ஆறு. மேட்ஜ் கேபிடலைச் சேர்ந்தவள் இல்லை, அவளும் அதே குலுக்கலில் நிற்பவள்தான். சுரங்கக்காரர்கள் வாழும் சீம் பகுதிக்கும் கடைக்காரர்கள் வாழும் பகுதிக்கும் இடையே பகையை ஊட்டி வளர்க்கத்தான் டெஸ்ஸரா இருக்கிறது என்று கேலே காட்டுக்குள் கத்தியிருக்கிறான். தெரிந்திருந்தும் கோபம் மேட்ஜ் மேல்தான் பாய்கிறது. முதல் வாசிப்பில் இது ஒரு கோபக்கார இளைஞனின் வசனம். இரண்டாம் வாசிப்பில் அந்த ஆட்சி எப்படி ஓடுகிறது என்பதற்கான விளக்கமே இதுதான்.

இனி ரொட்டி. புத்தகத்தில் வரும் முதல் ரொட்டி, அம்பு துளைத்த ரொட்டி. கேல் வேடிக்கைக்காகக் கொண்டுவருவது. டெஸ்ஸரா தானியத்தில் வீட்டில் சுடும் தட்டையான, கனத்த ரொட்டி இல்லை, உண்மையான பேக்கரி ரொட்டி. ஓர் அணிலுக்குப் பதிலாகப் பேக்கரிக்காரர் கொடுத்தது. இன்று கிழவருக்கு மனசு இளகியிருந்தது, நல்லபடியாக இரு என்றுகூடச் சொன்னார் என்பான் கேல். யார் அந்தப் பேக்கரிக்காரர்? கட்னிஸோடு அரங்கத்துக்குப் போகும் பையன் பீட்டாவின் அப்பா. அவரே மூன்றாம் அத்தியாயத்தில் கட்னிஸை வழியனுப்ப வந்து, பேச வார்த்தையில்லாமல் ஒரு பொட்டலம் பிஸ்கட்டை நீட்டுவார். ரயிலில் போகும்போது அவள் அதை ஜன்னல் வழியே வீசிவிடுவாள். இந்த மனிதர் ஏன் வந்தார் என்பதற்கான பதில் 22-ஆம் அத்தியாயத்தில், குகைக்குள், பீட்டா வாயால் வரும்: கட்னிஸின் அம்மாவை ஒரு காலத்தில் கட்டிக்கொள்ள நினைத்தவர் அவர். பத்தொன்பது அத்தியாயம் தள்ளி வருவதால் முதல் தடவை இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

ஏழாம் அத்தியாயத்தில், பயிற்சிக் கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது, பீட்டா கூடையிலிருந்து ரொட்டிகளை எடுத்து எது எந்த மாவட்டத்தினுடையது என்று காட்டுவான். கடற்பாசி சேர்ந்து பச்சை படிந்த, மீன் வடிவ ரொட்டி 4-ஆம் மாவட்டம். விதை தூவிய பிறை வடிவம் 11-ஆம் மாவட்டம். பொழுதுபோக்குப் பேச்சு மாதிரி வந்து போய்விடும். அங்கே கட்டாயம் ஒரு கோடு போடு. 18-ஆம் அத்தியாயத்தில், கட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த 11-ஆம் மாவட்டத்துச் சிறுமி ரூ இறந்த பிறகு வானத்திலிருந்து வெள்ளிப் பாராசூட்டில் ஒரு ரொட்டி இறங்கும்: ரேஷன் தானியத்தின் கருத்த மாவு, பிறை வடிவம், மேலே விதைகள். பீட்டா சொல்லிக்கொடுத்த பாடத்தால்தான் கட்னிஸுக்கு அது 11-ஆம் மாவட்டத்திலிருந்து வந்தது என்று புரிகிறது. ரூவுக்காக வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. அவள் போன பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாவட்டம் தன் பிள்ளை அல்லாத ஒருவருக்குப் பரிசு அனுப்புவது அதுவே முதல் முறை.

அந்த மாவு எது என்று கவனித்தாயா? முதல் அத்தியாயத்தில் ஏழைப் பிள்ளைகளின் பெயரைக் குலுக்கலில் பெருக்கிய அதே அரசாங்கத் தானியம். மாவட்டத்துக்குள்ளேயே ஒருவரோடு ஒருவரை மோத விடுவதற்காகக் கொடுத்தது, இங்கே மாவட்ட எல்லையைத் தாண்டி ஒரு கைக்குப் போய்ச் சேர்கிறது. கலகம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் கடைசியில் வரும் நைட்லாக் என்ற விஷப் பழங்களைக் காட்டுவார்கள். நான் இந்த ரொட்டியைக் காட்டுவேன்.

அடுத்தது கட்னிஸை எவ்வளவு நம்பலாம் என்பது. காடு, வேட்டை, பசி பற்றி அவள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பு. மனிதர்களைப் பற்றிச் சொல்வதை நம்பாதே. குறிப்பாகப் பீட்டா. அவன் பேசுவதையும் செய்வதையும் மட்டும் படித்துவிட்டு, உடனே கீழே அவள் சேர்க்கும் விளக்கத்தைத் தாண்டிப் போய்ப் பார். அவர்களுக்கு வழிகாட்டியான பழைய வெற்றியாளர் ஹேமிட்ச் குடித்துக் கிடக்கும்போது அவரை அவன் கழுவிவிட்டால் அது தந்திரமோ என்று நினைப்பாள். பேட்டிக்கு முன் தனக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று அவன் கேட்டால் துரோகம் என்று நினைப்பாள். அவன் எதற்காகக் கேட்டான் என்பது ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் தெரியும். மூன்று பகுதிகளின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்: முதல் பகுதி அவன் காதலை உடைத்துச் சொல்வதில் முடிகிறது, இரண்டாவது அவள் தன்னை அறியாமல் அவன் பெயரைக் கூப்பிடுவதில், மூன்றாவது அவன் நீட்டிய கையை, விடப்போகும் நேரத்தை எண்ணிப் பயந்தபடி அவள் பிடித்துக்கொள்வதில். வாயால் ஒத்துக்கொள்ளாததைக் கட்டுமானம் சொல்லிவிடுகிறது.

ஹேமிட்ச் விஷயத்திலும் இப்படித்தான். அவர் அரங்கத்துக்குள் கடிதம் அனுப்ப முடியாது, பரிசு மட்டும்தான். ஆகவே பரிசு வருவதும் வராததும் இரண்டுமே பேச்சு. தாகத்தில் சாகப்போகிற நிலையில் தண்ணீர் அனுப்பாமல் இருக்கிறார். பழிவாங்குகிறாரோ என்று நினைத்தவளுக்கு, பக்கத்திலேயே தண்ணீர் இருப்பதால்தான் அனுப்பவில்லை என்று பிறகு உறைக்கிறது. குகையில் ஒரு முத்தத்துக்குப் பின் சூப் வருகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை என்று விலையைப் புரிந்துகொள்கிறாள். அதற்குப் பிறகு வரும் குகைக் காட்சிகளில் ஒவ்வொரு கொஞ்சலுக்கும் பக்கத்தில் 'கேமராவுக்கா, இல்லையா?' என்று எழுதிக்கொண்டே போ. பாதி இடங்களில் உன்னால் முடிவுக்கு வர முடியாது. அவளாலும் முடியவில்லை.

மறுவாசிப்பைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி 2012-ல் வந்த படம். படம் மோசமில்லை. ஆனால் போட்டியை இயக்கும் கேம்மேக்கர்களின் கட்டுப்பாட்டு அறையையும் 11-ஆம் மாவட்டத்தில் வெடிக்கும் கலவரத்தையும் அது நேரடியாகக் காட்டிவிடுகிறது. புத்தகத்தில் கட்னிஸின் கண்ணுக்குப் படாத எதுவும் உனக்கும் தெரியாது. கலவரம் இருக்கும் இடத்தில் இங்கே ஒரு ரொட்டிதான் இருக்கிறது. கட்னிஸ் குத்திக்கொள்ளும் மாக்கிங்ஜே பறவை உருவச் சட்டை ஊசியும் அப்படி. புத்தகத்தில் அதைக் கொடுப்பவள் மேட்ஜ், படத்தில் மேட்ஜே இல்லை. கேல் சீறிய அதே பெண்தான் வழியனுப்ப வந்து தன் தங்க ஊசியைக் கட்னிஸுக்குக் குத்திவிடுகிறாள் என்பது படம் பார்த்த கண்ணுக்குத் தப்பிவிடும். நடிகர்களின் முகம் மனதில் வருவதைத் தடுக்க முடியாது, பரவாயில்லை. காட்சிகளைத் தெரிந்துவைத்திருப்பதாக நினைத்துத் தாண்டாமல் இருந்தால் போதும்.

குறைகளும் கண்ணில் படும். படட்டும். 12-ஆம் மாவட்டத்தில் மொத்தமே ஏறத்தாழ எட்டாயிரம் பேர். ஒரு நாட்டுக்கே நிலக்கரி இங்கிருந்து என்றால் நம்பக் கஷ்டம்தான். சீட்டுக் கணக்கைச் சரியாகப் போட்டவர் நாட்டுக் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார். இறந்தவர்களின் கண்களோடு வரும் ஓநாய் மிருகங்கள் பயமுறுத்துகின்றன, ஆனால் அது எப்படி, எதற்கு என்பதற்குக் கதை பதில் தேடுவதே இல்லை. இருவர் ஜெயிக்கலாம் என்ற விதி மாற்றமும் கதாசிரியரின் வசதிக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. கேலா, பீட்டாவா என்ற சர்ச்சையை ரசிகர்கள் ஊதிப் பெருக்கிய அளவுக்கு முதல் பாகத்தில் ஒன்றும் இல்லை. கேல் பெரும்பாலும் அவள் நினைவில்தான் வருகிறான்.

முன்கதைகளை இதற்கு நடுவில் தொடாதே. 2020-ல் வந்தது 10-ஆவது போட்டிக் காலத்தில், பின்னால் நாட்டின் அதிபராகும் இளைஞன் ஸ்னோவைப் பற்றியது. 2025-ல் வந்தது 50-ஆவது போட்டியில், 48 பேருக்கு நடுவே நின்ற ஹேமிட்சைப் பற்றியது. அவற்றைப் படித்த கையோடு வந்தால், மேடையிலிருந்து குடிபோதையில் விழும் ஹேமிட்சைப் பார்த்துச் சிரிக்க முடியாது. முதல் பாகத்தில் அந்தச் சிரிப்பு வேண்டும். ஸ்னோவும் இங்கே ஓரிரு இடங்களில் எட்ட நின்று தலைகாட்டுகிற ஆள்தான், அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் பாகத்துக்குப் போனால் பென்சிலைக் கீழே வைத்துவிடாதே. அங்கே அரங்கத்துக்குள் ரொட்டிகள் வந்துகொண்டே இருக்கும். எந்த மாவட்டத்து ரொட்டி, எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் எண்ணி ஓரத்தில் எழுதிவை. எதற்கென்று கடைசி அத்தியாயத்தில் தெரியும்.

அன்புடன்,
அப்பா