டீப் ஹவுஸ் மிக்ஸுக்கும் ஒரு கச்சேரி முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி வந்துவிட்டால் எந்த சபாவில் யார் எந்த ராகத்தை எத்தனை நிமிடம் பாடினார், தனி எப்படி அமைந்தது என்றெல்லாம் நம் பத்திரிகைகள் நுணுக்கமாக எழுதுகின்றன. டிஜே இசை என்று வந்தால் மட்டும் விளக்கு, கூட்டம், சத்தம் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சென்னையில் வீட்டிலிருந்தபடி டீப் ஹவுஸ் மிக்ஸ் (ஒருவகை நடன இசைப் பாட்டுகளை இடைவெளியின்றி ஒட்டிய தொகுப்பு) செய்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்களுக்கு, தங்கள் வேலையில் எது சரி, எது பிசகு என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மிக்ஸ்களில் திரும்பத் திரும்பத் தெரியும் குறை ஒன்றுதான். இரண்டு பாட்டுகள் ஒட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு எல்லா உழைப்பும் போகிறது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்குவதில்லை. ஒட்டு வழவழப்பாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் கேட்ட பிறகு எங்கும் போய்ச் சேர்ந்த உணர்வு இருக்காது.

டீப் ஹவுஸ் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. ஹவுஸ் இசை சிகாகோவில் பிறந்தது. அங்கே வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1970களின் இறுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்த இசையிலிருந்து அந்தப் பெயரே வந்தது என்பார்கள். 1980களின் நடுவில் லாரி ஹேர்ட் அதே நான்கு அடித் தாளத்தின் மேல் ஜாஸ், சோல் இசையின் சாயலுள்ள மென்மையான கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் அடுக்குகளை) வைத்தார். டீப் ஹவுஸ் அந்த வழியில் வந்தது. வேகம் பெரும்பாலும் 118 முதல் 124 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை அடி. ஒவ்வொரு அடியிலும் கிக் (பெரிய டிரம்மின் அடி), அடிகளுக்கு நடுவே ஹை-ஹேட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு), உருண்டையான பேஸ் (கீழ்த்தொனி), எலக்ட்ரிக் பியானோவிலோ சிந்தசைசரிலோ ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டு. 2010களில் இதே பெயரைக் கனத்த பேஸும் வெட்டி ஒட்டிய குரலும் கொண்ட வேறொரு வகைக்கும் ஒட்டிவிட்டார்கள். ஆகவே இணையக் கடையின் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும். இரண்டு வகையும் ஒரே மிக்ஸில் கலந்தால் பாதியில் ஊர் மாறிய மாதிரி இருக்கும்.

அறுபது நிமிட மிக்ஸுக்கு எத்தனை பாட்டு வேண்டும்? ஒரு பாட்டு சராசரியாக 6 நிமிடம் ஓடட்டும். 12 பாட்டுக்கு 72 நிமிடம். நடுவில் வரும் 11 இணைப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் மேலும் கீழுமாகப் படிந்தால் 61 நிமிடம் மிஞ்சும். கணக்கு சரி. இருபது பாட்டு திணித்தால் எந்தக் கார்டும் மனத்தில் ஊற நேரம் இருக்காது. ஆனால் 12ஐ எடுக்கக் குறைந்தது 30 பாட்டாவது கையில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு குறிப்பு எழுதுங்கள்: பிபிஎம், சுருதி, 1 முதல் 5 வரை விறுவிறுப்பு, மனநிலைக்கு ஒரே ஒரு சொல். அந்தச் சொல் ‘மழைக்கு முன்’, ‘கடைசி ரயில்’, ‘உப்புக்காற்று’ என்று எதுவாகவும் இருக்கலாம், எழுதுபவருக்குப் புரிந்தால் போதும். வரிசைப்படுத்தும்போது எண்களைவிட இந்தச் சொல்தான் அதிகம் உதவும். ஒரே சொல் பெற்ற மூன்று பாட்டுகள் அடுத்தடுத்து வந்தால் கேட்பவர் மனம் விலகிவிடும்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்த கச்சேரி முறை நம் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. அதை இங்கே பயன்படுத்தலாம், ஒரு மாற்றத்தோடு. கச்சேரி வர்ணத்தின் விறுவிறுப்போடு தொடங்கும். டீப் ஹவுஸ் அப்படித் தொடங்கக் கூடாது. முதல் பத்து நிமிடம் 118–119 பிபிஎம்மில், கார்டு மட்டும் மிதக்கும் பாட்டாக இருக்கட்டும், விறுவிறுப்பு 1 அல்லது 2. பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் அரை பிபிஎம் ஏற்றினால் எட்டாவது, ஒன்பதாவது பாட்டில் 122ஐத் தொடும். யாரும் வேகம் கூடியதைக் கவனிக்க மாட்டார்கள், உடம்பு மட்டும் கவனிக்கும். நாற்பதாவது நிமிடத்தை ஒட்டி, தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில், மெட்டு குறைந்து தாளம் ஓங்கிய ஒரு பாட்டு வையுங்கள். அரை மணி நேரமாகக் கார்டு கேட்டுக் களைத்த காதுக்கு அது ஓய்வு. அதற்கு அடுத்து வரும் பியானோ எப்போதையும்விட இனிக்கும். மிக்ஸின் மிக நல்ல பாட்டை அந்த இடத்துக்கென்று எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு துக்கடா போல இரண்டு லேசான பாட்டுகள். கடைசிப் பாட்டு கிக் நின்ற பிறகும் கார்டு ஓடி முடிவதாக இருந்தால் நல்லது.

அடுத்தது சுருதி. டிஜே மென்பொருள்கள் கேம்லாட் சக்கரம் என்ற எண்முறையில் சுருதியைக் காட்டும். 8ஏ என்றால் ஏ மைனர், நம் கணக்கில் ஆறு கட்டை. 8ஏ பாட்டுக்குப் பின் 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி இவை சேரும் என்பது விதி. ஏனென்று தெரிந்தால் விதி மறக்காது. 8பி என்பது சி மேஜர், அதாவது ஒரு கட்டை சங்கராபரணம். அதன் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் நடபைரவி. அதுதான் 8ஏ. சுரங்கள் அதே ஏழுதான், அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டீப் ஹவுஸில் நடபைரவிக்கு இணையாகக் கரகரப்பிரியாவின் சுரங்களும் அதிகம் புழங்கும். ஷட்ஜம் ஒன்றாக இருந்தால் மென்பொருள் இரண்டையும் 8ஏ என்றே காட்டிவிடும். ஆனால் ஒன்றில் சுத்த தைவதம், மற்றதில் சதுச்ருதி தைவதம். இரண்டு பாட்டின் கார்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் அந்த ஒரு சுரம் முள்ளாகக் குத்தும். எண் பொருந்துகிறதே, ஏன் உறுத்துகிறது என்று பலர் திகைக்கும் இடம் இதுதான். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை அந்தக் கட்டையில் ஓடவிட்டு, பாட்டின் மேல் தைவதத்தைப் பாடிப் பாருங்கள், எது என்று உடனே தெரியும். பொருந்தாத ஜோடி என்றால் கார்டு இல்லாத, வெறும் தாளம் ஓடும் இடத்தில் மட்டும் இணையுங்கள். மென்பொருள் சில நேரம் சுருதியையே தவறாகக் கணிக்கும். சுருதிப்பெட்டி அதையும் பிடித்துக் கொடுக்கும்.

வேகத்தை மாற்றினால் சுருதியும் நகரும் என்பதை மறக்கக் கூடாது. 120ஐ 124 ஆக்குவது 3.3 சதவீத ஏற்றம். சுருதி அரை சுரத்தின் பாதியைச் சற்றுத் தாண்டிப் போய், எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கும். கீ லாக் போட்டால் சுருதி நிற்கும், ஆனால் மாற்றம் பெரிதாக ஆக ஆக நீண்ட கார்டுகள் நடுங்கும், கிக்கின் முனை மழுங்கும். 2 சதவீதத்துக்குள் அடங்கும் பாட்டுகளையே அடுத்தடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி இணைப்பு. அடிப்படை 32 அடி. கிக்குக்கு ஓர் எண்ணிக்கை என்று ஆதி தாளம் போட்டால் நான்கு ஆவர்த்தனம். இந்த இசையில் பெரும்பாலும் எல்லா மாற்றமும் அந்த எல்லையில்தான் நிகழும். 122 பிபிஎம்மில் 32 அடி ஏறக்குறைய 16 விநாடி. புதிய பாட்டின் பேஸ் எந்த அடியில் நுழைகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கு 64 அடி முன்னால் ஹாட் கியூ (தட்டினால் அங்கிருந்து பாட்டு ஓடத் தொடங்கும் குறி) வையுங்கள். ஓடும் பாட்டின் 32 அடிச் சுற்று தொடங்கும் முதல் அடியில் அதைத் தட்டுங்கள். அப்போது புதிய பாட்டின் லோ நாப் (கீழ்த்தொனியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முழுக்க மூடி, மிட் (நடுத்தொனி) பத்து மணி நிலையில், ஹை (மேல்தொனி) பதினொரு மணி நிலையில் இருக்க வேண்டும். முதல் 32 அடியில் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டும் தள்ளுகோலை) மெல்ல ஏற்றுங்கள். இரண்டாவது 32இல் ஹை-ஹேட்டைக் கைமாற்றுங்கள், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி. மூன்றாவது சுற்றின் முதல் அடியில் பழைய பாட்டின் லோவை மூடி, அதே கணத்தில் புதியதைத் திறந்துவிடுங்கள். அதன் பிறகு 32 முதல் 64 அடிக்குள் பழைய மிட்டை இறக்கி வெளியேற்றுங்கள். மொத்தம் 96 முதல் 128 அடி, ஏறக்குறைய முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழவே கூடாது.

இரண்டு பேஸையும் சேர்ந்து ஓடவிட்டால் என்ன என்று கேட்பார்கள். இரண்டு கிக்கும் அச்சாக ஒன்றின்மேல் விழுந்தால் ஒலி 6 டெசிபல் வரை எகிறி மிக்ஸர் சிவப்பைத் தொடும். விலகி விழுந்தால் இன்னும் மோசம். 55 ஹெர்ட்ஸ் அலை ஒன்று 18 மில்லி விநாடி நீளம். 9 மில்லி விநாடி விலகினாலே ஒன்று மேலே ஏற மற்றது கீழே இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிக் தொளதொளத்துப் போகும். நாப் மாற்றியும் கிக்குக்கு உயிர் வரவில்லை என்றால் பீட் கிரிடை (அடிகள் விழும் இடங்களில் மென்பொருள் போடும் கோடுகளை) பாருங்கள். மனிதர் கையால் டிரம்ஸ் வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளில் வேகம் ஒரே சீராக இருக்காது, மென்பொருள் போட்ட கோடு நிமிடத்துக்கு நிமிடம் விலகும்.

கிரிட் சரியாக இருந்தும் குதிரை நொண்டுவது போலக் கேட்டால் காரணம் ஸ்விங், அதாவது சில அடிகளை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாக வைக்கும் நடை. 122இல் கால் அடி என்பது 123 மில்லி விநாடி. 56 சதவீத ஸ்விங் உள்ள பாட்டில் ஒன்றுவிட்டு ஒரு கால் அடி 15 மில்லி விநாடி தாமதமாக விழும். ஸ்விங் இல்லாத பாட்டை அதன்மேல் வைத்தால் ஒவ்வொரு ஹை-ஹேட்டும் இரட்டையாக உதிரும். இதற்கு நாப்பில் மருந்து இல்லை. இரண்டில் ஒன்றின் ஹையை மூடிவைத்துக் கடக்க வேண்டும், அல்லது ஜோடியையே மாற்ற வேண்டும்.

சென்னை வீடுகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் எழுதுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. பத்தடி இடைவெளியில் அடிப்படை ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடிக்கு 47. கூரையும் பத்தடி உயரம் என்றால் அந்த 56 ஹெர்ட்ஸின் முழக்கம் இரண்டு பங்காகும். நம் கிக்கும், ஆறு கட்டைப் பாட்டின் அடிப் பேஸ் சுரமான 55 ஹெர்ட்ஸும் சரியாக அங்கேதான் வந்து விழுகின்றன. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த பேஸ் காணாமல் போகும், போதவில்லை என்று கூட்டுவோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் குமுறும், அதிகம் என்று குறைப்போம். இரண்டுமே பொய். அறையின் நீள வாட்டில், முன்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தை ஒட்டி இருக்கை போடுங்கள். பேஸ் பற்றிய முடிவை ஹெட்போனிலும் காரிலும் கேட்ட பிறகே எடுங்கள். மின்விசிறியை ஐந்தில் சுழலவிட்டு மெல்லக் கேட்டால் ஹை-ஹேட் அதில் மூழ்கிப்போய், ஹையைத் தேவைக்கு மேல் கூட்டிவிடுவோம். ஒலிப்பதிவு நேரத்தில் மட்டுமாவது அதை நிறுத்துங்கள். இரவில் ஹெட்போனிலேயே வேலை செய்யலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், பேஸோ சுவரைக் கடந்துதான் போகும்.

பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் எடுங்கள். பாட்டுகளின் சத்தத்தைக் கெயின் நாபில், முழுக் கார்டும் ஓடும் இடத்தை வைத்துச் சமன் செய்யுங்கள், அமைதியான தொடக்கத்தை வைத்து அல்ல. லிமிட்டர் (சத்தத்தின் உச்சத்தை அடக்கும் கருவி) கடைசியில், ஒன்று இரண்டு டெசிபலுக்கு மேல் வேண்டாம். காணொளித் தளங்களிலிருந்து இறக்கிய பாட்டுகளை விட்டுவிடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது, பெரிய ஸ்பீக்கரில் ஹை-ஹேட் மணலாகக் கரகரக்கும். விலை கொடுத்து வாங்கிய 320 கேபிபிஎஸ் கோப்போ வேவ் கோப்போ இருந்தால் போதும். இரண்டு சேனல் கன்ட்ரோலரும் மிக்ஸ் (Mixxx) போன்ற இலவச மென்பொருளும் தொடங்குவதற்குத் தாராளம்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வார இணைப்பில் நம் ஊர் மிக்ஸ் ஒன்றைப் பற்றி எழுத நேர்ந்தால், அதன் பாட்டுப் பட்டியலையும் இசையமைத்தவர்கள் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்குப் போனார், அங்கே கார்டு சேர்ந்ததா, பேஸ் எந்த அடியில் மாறியது என்று, ஒரு ராகம் தானம் பல்லவியை எழுதும் அதே அக்கறையோடு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
திருவான்மியூர், சென்னை – 41