42 பாட்டுக்கும் ஒரே பதில்

சின்னமனூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கே குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறோம்.

நீ அனுப்பிய 42 பாட்டையும் கேட்டு முடித்துவிட்டேன். பதினோரு நாள் ஆயிற்று. காலையில் தோட்டத்துக்குப் போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு என்று பத்தியம் மாதிரி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நேரே பிடித்தது, பிடிக்கவில்லை என்று போனில் குறி போடச் சொன்னாய். நான் என்ன விடைத்தாள் திருத்துகிறவனா? தாளில் எழுதுகிறேன். தம்பி படமெடுத்து அனுப்புவான். கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேள், அவளுக்குப் பழக்கம்.

முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்வோம். "உங்களுக்கு இளையராஜாவை விட்டால் யாரும் ஆகாது" என்றாய். அவர் பண்ணைப்புரத்துக்காரர், நம் மாவட்டம், அந்தப் பாசம் உண்டு. 'அன்னக்கிளி' வந்த 1976இல் எனக்குப் பதினாறு வயது. பதினாறு வயதில் காதில் விழுந்தது எவருக்கும் லேசில் வெளியே போகாது. உனக்கு யுவன் எப்படியோ அப்படி. ஆனால் திண்டுக்கல் – குமுளி வண்டியை 34 வருடம் ஓட்டியவனுக்கு ஒருவர் பாட்டை மட்டும் கேட்டுக் காலம் தள்ள முடியாது, தாயி. வத்தலக்குண்டில் ஏறுகிறவருக்கு டி.எம்.எஸ். வேண்டும். உத்தமபாளையத்தில் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நேற்று வந்த கேசட் வேண்டும். கம்பம் தாண்டினால் பாதி வண்டி மலையாளம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டாக வேண்டும். யாருக்கு எது பிடிக்கும் என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னைத்தான் கடைசியில் தெரிந்துகொண்டேன்.

என் தீர்ப்பு எவ்வளவு பெரிய தீர்ப்பு என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1992இல் 'ரோஜா' கேசட் வந்தது. எங்கள் வண்டி ஸ்பீக்கர்கள் பழையவை. அந்தப் பாட்டுகளின் அடிச்சத்தம் தாங்காமல் கூடே தடதடவென்று அதிர்ந்தது. "இது பாட்டா, தகரக் கொட்டகையா? ஆறு மாதம் ஓடாது" என்று கண்டக்டரிடம் பந்தயம் கட்டினேன். முதலாளி ஸ்பீக்கரை மாற்றினார். அப்புறம்தான் ஒரு நாள் விடிகாலை முதல் ட்ரிப்பில், தேவதானப்பட்டிப் பக்கம், 'சின்னச் சின்ன ஆசை'யை ஒழுங்காகக் கேட்டேன். மின்மினி பாடியது. குற்றம் பாட்டில் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. பந்தயத்தில் தோற்றுக் கண்டக்டருக்கு ஒரு வாரம் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ஆகவே இனி நான் குறை சொல்லும் இடத்திலெல்லாம் அந்தப் புரோட்டாவையும் சேர்த்துப் படித்துக்கொள்.

இப்போது உன் பட்டியல். மொத்தமாகச் சொன்னால் பாட்டுகளில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சத்தத்தில் சண்டை. லோயர் கேம்ப் வந்ததும் நான் பாட்டை நிறுத்திவிடுவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் முன் சீட்டில் உட்கார்ந்து அதற்காக அழுதிருக்கிறாய். மலை ஏறும்போது இஞ்சின் சொல்வது காதில் விழ வேண்டும். அது முனகத் தொடங்குவதற்குள் கியரை மாற்ற வேண்டும். ஆனால் கீழே, சமவெளியில், பழைய பாட்டுகள் ஓடும்போது நிறுத்த அவசியமே இருக்காது. பல்லவி முடிந்து இடையிசை வந்தால் சத்தம் தானாகத் தாழும். அந்தச் சந்தில் கண்டக்டரின் விசில் கேட்கும், பின்னால் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்கும், மறுபடி குரல் வரும். நீ அனுப்பியதில் பாதிக்கு மேல் அந்தச் சந்தே கிடையாது. மெல்லிய சத்தத்தையும் உரத்த சத்தத்தையும் இழுத்து ஒரே மட்டத்தில் நிறுத்துவதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர் என்றான் தம்பி. பெயர் எதுவாயினும், மூன்று நிமிடம் ஒருவன் மூச்சுவிடாமல் பேசினால் நாம் கேட்பதை நிறுத்திவிடுவோம் அல்லவா? இடையிசையும் சுருங்கிவிட்டது. வயலின் ஒரு கதையைத் தொடங்கிப் புல்லாங்குழலிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிய காலம் போய், இப்போது எட்டு நொடி ஒரு தாளம், அவ்வளவுதான்.

இதனால்தான் சந்தோஷ் நாராயணன் எனக்குப் பிடிக்கிறது. 'மெட்ராஸ்' படத்தின் 'ஆகாயம் தீப்பிடிச்சா' பாட்டை நாலு முறை கேட்டேன். பிரதீப் குமார் வார்த்தையை வெளியே தள்ளுவதில்லை, நழுவ விடுகிறார். 'கபாலி'யின் 'மாய நதி'யும் அப்படித்தான். அந்தப் படத்தில் துப்பாக்கிச் சத்தம் அத்தனை இருந்தும் எனக்கு நினைவில் நிற்பது இந்தப் பாட்டுதான்.

'96' பற்றி நீ எதுவும் எழுதவில்லை, பட்டியலில் மட்டும் போட்டிருந்தாய். அப்பா பழைய பாட்டுக்காகத்தான் அதை ரசிப்பார் என்று நினைத்திருப்பாய். பழைய பாட்டு அதில் இருப்பது உண்மைதான். ஆனால் கதாநாயகி ஜானு அவற்றைப் பாடும்போது பெரும்பாலும் வாத்தியமே இல்லை, சின்மயியின் குரல் தனியாக நிற்கிறது. இசையமைத்த கோவிந்த் வசந்தா வயலின்காரர். வாத்தியக்காரர் ஒருவர் வாத்தியத்தைக் கீழே வைப்பது எவ்வளவு பெரிய அடக்கம்! நானாக இருந்தால் எங்காவது ஓர் ஓரத்திலாவது வாசித்துவிட்டிருப்பேன்.

'ஜோக்கர்' படத்து 'ஜாஸ்மினு' பாட்டை உன் பட்டியலில் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். தர்மபுரிப் பக்கத்துக் கிராமியப் பாடகர் சுந்தரய்யர். அந்தப் பாட்டுக்கு அவருக்கு 2016ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. இசையமைத்த ஷான் ரோல்டன் அந்தக் குரலை இழைப்புளி போட்டுச் சீவாமல் விட்டிருக்கிறார். இப்போதெல்லாம் சுருதி விலகினால் கணினி பிடித்து இழுத்துச் சரிசெய்துவிடுகிறதாமே. சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இருபது பாடகர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். மலேசியா வாசுதேவனையும் ஜெயச்சந்திரனையும் இருமலிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம்.

'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் வந்தபோது ஊரே ஆடியது, நான் கவனிக்கவில்லை. இப்போது நீ சொல்லித்தான் முழுதாகக் கேட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் கதையிலிருந்து பாடகர் அறிவு அதை எழுதியிருக்கிறார். பாதியில் ஒப்பாரி வருகிறதே, அங்கே எனக்கு நம் பக்கத்துப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். விடியுமுன் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் அடைந்துகொண்டு மலை ஏறுவார்களே, அவர்கள். ஆடுவதற்கு என்று கொடுத்த பாட்டுக்குள் இவ்வளவு துக்கத்தை ஒளித்து வைக்கலாமா? வைக்கலாம் போலிருக்கிறது. இதை நீ இரண்டு முறை சேர்த்துவிட்டாய், அதனால் 41தான் கணக்கு.

பிடிக்காதவை என்றால், கதாநாயகனைப் புகழ்ந்து தள்ளும் பாட்டுகள். 'ஜெயிலர்' படத்து 'ஹுக்கும்' தியேட்டரில் எனக்கும் ரத்தம் ஏறியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டத்தில் மோட்டார் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டால், மாப்பிள்ளை வராத ஊர்வலத்தில் மேளம் மட்டும் போவது போல் இருக்கிறது. அனிருத் ஆகாது என்று எழுதிவிட்டதாக உன் சிநேகிதிகளிடம் சொல்லாதே. 'மேகம் கருக்காதா' அவருடையதுதானே? அதில் காற்று வீசுகிறது. அவர் மீது எனக்கு உள்ள கோபமே, அப்படியும் செய்யத் தெரிந்தவர் ஏன் இப்படியே செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான். அம்மாவோ அடுக்களையில் 'அரபிக் குத்து'க்குத் தோசை திருப்புகிறாள். அவளிடம் நான் வாயைத் திறப்பதில்லை.

பழைய பாட்டைப் புதுப் படத்தில் செருகுவது இன்னொரு நோய். 'அசுரன்' என்று 1995இல் ஒரு படம், ஆதித்யன் இசை. அதில் உள்ள 'சக்கு சக்கு வத்திக்குச்சி'யை நான் ஒரு வாரம்கூட வண்டியில் ஓட்டியதில்லை. 'விக்ரம்' வந்ததும் தம்பி அதை ஏதோ புதையல் மாதிரி எனக்கே போட்டுக் காட்டுகிறான்! சண்டைக் காட்சிக்குப் பொருத்தம்தான். ஆனால் ஒரு படத்துக்குச் சரி, பத்துப் படம் அதையே செய்தால் புதுப் பாட்டுக்கு எங்கே இடம்? 'லப்பர் பந்து'க்கு மட்டும் விதிவிலக்கு. அதில் வரும் மனிதன் விஜயகாந்த் பைத்தியம், அவன் வரும்போது 'பொட்டு வச்ச தங்கக் குடம்' கேட்பது நியாயம். அப்படி நாலு பேரை நான் தினமும் வண்டியில் ஏற்றியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நீ கேட்டுவிட்டாய், நான் பதில் சொல்லாமல் இருந்தேன். இறந்தவர்களின் குரலை இயந்திரத்தால் பாடவைப்பது பற்றி. 'லால் சலாம்' படத்தில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் அப்படிக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக ரஹ்மான் சொல்லியிருக்கிறார். முறையாகத்தான் செய்திருக்கிறார். எனக்கு 1993இல் நின்றுவிட்டது மனது. 'திருடா திருடா'வில் 'ராசாத்தி' பாட்டை வாத்தியமே இல்லாமல், பின்னால் வெறும் குரல்கள் மட்டும் துணைக்கு நிற்க, சாகுல் ஹமீது பாடுவார். இரவு கடைசி ட்ரிப்பில் அதைப் போட்டால் வண்டியே அடங்கிவிடும். அந்த மனிதர் மூச்சு வாங்கும் இடம்கூட எனக்குத் தெரியும். புதுப் பாட்டில் குரல் அவருடையதுதான். மூச்சு வாங்கும் இடம் அவருடையதாக எனக்குப் படவில்லை.

'கோட்' படத்தில் பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் அப்படிக் கொண்டுவந்தார். பவதாரிணி மறைந்தது படம் வந்த அதே 2024, ஜனவரியில். அந்தத் தம்பி மனது எனக்குப் புரிகிறது. ஆனால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா ராஜா அதைக் கேட்டிருப்பார் அல்லவா என்று தோன்றியது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வரவில்லை.

மற்றபடி தென்னைக்கு இந்த வருடம் வெள்ளை ஈ. உன் மாமா வந்து போனார். நீ போன தடவை வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கரில் அடிச்சத்தம் அதிகம், குறைக்கும் வழி இருந்தால் தம்பிக்குச் சொல்.

அடுத்த முறை பத்துப் பாட்டு போதும். ஒன்றை இரண்டு நாள் வைத்துக் கேட்கிறேன்.

கேட்க மறந்தேன். 23ஆவதாக ஒரு பாட்டு, ஒரு பெண் மட்டும் கிதார் வைத்துக்கொண்டு பாடுகிறதே, அது யார் என்று போனில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பெயரை எழுதி அனுப்பு. அம்மா அந்தப் பாட்டை ஒப்பாரி என்கிறாள். அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா