அண்ணனின் ஸ்கேன் அறிக்கையைப் படித்தபின்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் அண்ணனின் ஸ்கேன் அறிக்கையும் கிடைத்தன. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி தென்பட்டது வீட்டில் எல்லோரையும் கலங்கடித்திருக்கும். இன்று சிறுநீரகப் புற்றுநோயில் பாதிக்கு மேல் இப்படி வேறு எதற்கோ எடுத்த படத்தில்தான் அகப்படுகிறது. விலாவில் வலி, சிறுநீரில் இரத்தம், கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று நான் மனப்பாடம் செய்த மூன்று அடையாளங்களும் ஒருசேர அமைந்த நோயாளியைக் காண்பதே இப்போது அரிது.

முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சாயம் ஏற்றி சி.டி. எடுக்க வேண்டும். அண்ணன் சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாயம் ஏறுமுன் எடுத்த படத்தையும் ஏறியபின் எடுத்ததையும் ஒப்பிட்டுக் கட்டி எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். உள்ளே கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் அது ஆஞ்சியோமயோலிப்போமா என்னும் தீங்கற்ற கட்டியாக இருக்கும். நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்கும் ஒரு சி.டி. வேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு எலும்பு ஸ்கேனும் மூளை ஸ்கேனும் வழக்கமாகத் தேவையில்லை என்று ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. உடல் முழுவதும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேனையும் அவை பரிந்துரைப்பதில்லை. உன் மாப்பிள்ளை அதை வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பணம் மிச்சமாகட்டும்.

சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம் என்று அங்கே ஒருவர் சொன்னாராம், இதில்தான் அவசரப்படாதீர்கள். 1960களில் ராப்சன் என்ற அறுவை மருத்துவர் நிலைநாட்டிய முறைப்படி சிறுநீரகம், சுற்றியுள்ள கொழுப்பு, அதன் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒன்றாக அகற்றித்தான் எங்களுக்குப் பழக்கம். இன்றைய நெறிமுறைகளோ, 4 செ.மீ.க்கு மேற்படாத, சிறுநீரகத்தைத் தாண்டாத கட்டியில் இயன்றவரை கட்டியை மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றச் சொல்கின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அண்ணனுக்கு அந்த மிச்சம் பெரிய சொத்து. இந்த அளவுக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றாகவே இருப்பதில்லை என்பதால், முதுமையாலோ இதய நோயாலோ அறுவையைத் தாங்க இயலாதவருக்கு ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்துவிட்டு, குறித்த இடைவெளிகளில் படம் எடுத்துக் கண்காணித்து வருவதும் ஏற்கப்பட்ட வழியே.

பரவிய நோயிலும் கத்தியின் இடம் சுருங்கிவிட்டது. 2018இல் வெளியான கார்மீனா ஆய்வில், சிறுநீரகத்தை அகற்றாமல் சுனிடினிப் என்னும் புற்றுநோய் மாத்திரை மட்டும் பெற்றவர்கள், அகற்றியபின் அதைப் பெற்றவர்களைவிட ஆயுளில் பின்தங்கவில்லை. இப்போது நோயெதிர்ப்பு மருந்துகள் அந்த மாத்திரையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. அண்ணனுக்கு அந்தப் பேச்சே இப்போது வேண்டியதில்லை.

சி.டி. எடுத்ததும் அறிக்கையோடு நிற்காமல், படங்கள் உள்ள குறுந்தகட்டையும் அனுப்பு. கட்டி விளிம்பில் புடைத்து நிற்கிறதா, நடுவில் இரத்தக் குழாய்களை ஒட்டிப் புதைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதை மட்டும் தனியே எடுப்பது எளிதா கடினமா என்று சொல்ல முடியும். அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்