இருமச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்

இதய அறுவை சிகிச்சை வார்டுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வயது 58. பைபாஸ் செய்து 14 மாதங்கள் ஆகின்றன. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது நிற்காமல் ஏறுகிறேன். உங்களைப் போன்றவர்கள் கொடுத்த நடை இது, அந்த நன்றி சாகும்வரை இருக்கும். இந்த மடலில் நான் எழுத வந்தது வலியைப் பற்றி. இதயத்தைச் சரிசெய்யத் திறந்த நெஞ்சு அப்புறம் எப்படி வலித்தது, அதைப் பற்றி யார், எப்போது, என்ன கேட்டார்கள் என்பதைப் பற்றி.

ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, "வலி எப்படிம்மா இருக்கு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார் டாக்டர். "மூணு" என்றேன். பொய் சொல்லவில்லை. தலையணைகளில் சாய்ந்து, கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் கிடந்தேன். அப்படிக் கிடந்தால் மூன்றுதான். சார்ட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப நல்லா ஆழமா இருமுங்க." இருமினேன். அதை இருமல் என்று சொல்ல முடியாது, தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். அதற்கே நடுநெஞ்சை இரண்டு பக்கமும் பிடித்துப் பிளப்பது போலிருந்தது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷம் யாராவது நம்பர் கேட்டிருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. சார்ட்டில் மூன்று அப்படியே இருந்தது.

அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது. நான் சரியாக மூச்சே விடாததால் வந்த மூன்று அது. நெஞ்சின் மேல்பாகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கொட்டாவி வந்தால் பாதியில் விழுங்கினேன். தும்மல் வந்துவிடுமோ என்று பயந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டியிருக்கிறது. அந்த இடத்தை உடம்பு அசைய விடுமா? ஆனால் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் நுரையீரலின் அடிப்பாகம் விரியாது, சளி தங்கும், நிமோனியாவில் போய் முடியலாம். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: மருந்து போதுமா என்பதை, படுத்துக் கிடக்கும்போது சொல்லும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். "ஒரு தடவை இருமிக் காட்டுங்க, இப்ப எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பத்து விநாடி ஆகும்.

மூன்று பந்து போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று கொடுத்தார்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை என்றார்கள். முதல் நாள் முழுக்க ஒரு பந்து பாதி உயரம் எழும்பிவிட்டு விழும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா, "பந்து ஏறவே மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை நாளாக அதை ஊதிக்கொண்டிருந்தார். உறிஞ்ச வேண்டிய கருவி அது. கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஒரே ஒரு தடவை கூடவே நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை ஷிஃப்டுக்கு ஒரு சிஸ்டர் வந்தார். என் மகளைவிடச் சின்ன வயது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பிசியோ பத்தரைக்கு வருவாங்கம்மா. இந்த மாத்திரையை இப்பவே போட்டுக்குங்க, அவங்க வர்றதுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சிடும்" என்றார். அதே மாத்திரைதான். அதற்கு முந்தைய நாட்களில் பயிற்சி முடிந்து நான் துவண்டு கிடக்கும்போது கொடுப்பார்கள். அன்றைக்குப் பத்தரை மணிக்கு முதல் பந்து உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது, இரண்டாவது பந்தும் ஒரு துள்ளு துள்ளியது. மருந்து கூடவில்லை, முக்கால் மணி நேரம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். அந்தச் சிஸ்டர் செய்ததை எல்லா ஷிஃப்டுக்கும் எழுதி வையுங்கள் என்று கேட்பது பெரிய ஆசையா? நெஞ்சுக்குள் தேங்கும் ரத்தமும் நீரும் வெளியேறப் போட்டிருக்கும் ட்ரெயின் குழாய்களை உருவுவதற்கு முன்னாலும் இதே மாதிரி செய்யலாம். எனக்கு எதுவும் கொடுக்காமல்தான் உருவினார்கள்.

என் சார்ட்டில் வலி மருந்துக்கு எதிரே "தேவைப்பட்டால்" என்று இருந்தது. இந்த ஒரு சொல்லைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் நாங்கள் கேட்போம் என்று நினைக்கிறீர்கள். நாங்கள் கேட்பதில்லை. சிஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறார், என்னைவிட மோசமான நிலையில் எதிர்க் கட்டிலில் ஒருவர் இருக்கிறார், இந்த நேரத்தில் மாத்திரைக்காகக் கூப்பிடுவதா என்று கூச்சமாக இருக்கும். பழக்கமாகிவிடும் என்று பயம் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில், உயிர் கிடைத்ததே பெரிது, இதைத் தாங்கிக்கொண்டால் என்ன என்ற எண்ணம். கடைசியில் தாங்க முடியாமல் கூப்பிடும்போது வலி ஏறி உட்கார்ந்திருக்கும். அதை இறக்கக் கூடுதல் மருந்து தேவைப்படும். புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986ல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, வலி வந்த பிறகு கொடுக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்று இருக்கிறது. நோய் வேறாக இருக்கலாம், கட்டிலில் கிடப்பவரின் கூச்சம் ஒன்றுதான். முதல் சில நாட்களுக்காவது, தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, பாராசிட்டமாலை நேரப்படி எழுதுங்கள். மார்ஃபின், ட்ரமடால் போன்றவற்றை "தேவைப்பட்டால்" பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எழுதும் கையோடு மலச்சிக்கலுக்கும் ஒன்று எழுதிவிடுங்கள். அறுத்த நெஞ்சோடு முக்குவது எப்படியிருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது விலா, முதுகு நரம்புகள் இருக்கும் பகுதியில் மரத்துப்போக ஊசி போடும் முறைகளும் வந்திருக்கின்றன. முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்குக் கீழே மருந்து செலுத்தும் முறை ஒன்று 2016ல்தான் மருத்துவ உலகுக்கு வந்தது. எல்லா இடத்திலும் எல்லாருக்கும் முடியாது என்பது புரிகிறது. முடிகிற இடத்தில், ஆபரேஷனுக்கு முன்னாலேயே, இப்படியெல்லாம் வழி இருக்கிறது என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். மயக்க மருந்து டாக்டர் வந்து பல் ஆடுகிறதா, ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டார். வலியைப் பற்றி அவரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் முதுகு. இதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு முன்பக்கத் தையலைவிட அதிகமாக வலித்தது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே. ஆணி அடித்து இறக்கியது போல. நாலாம் நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. முன்னால் வெட்டியதற்குப் பின்னால் ஏன் வலிக்க வேண்டும், போட்ட குழாய் அடைத்துவிட்டதோ, மறுபடியும் அட்டாக்கோ என்று பயந்து வேர்த்துக்கொண்டே கிடந்தேன். விடிந்ததும் சொன்னபோது, "நெஞ்சைத் திறந்து வைக்க விலா எலும்புகளை விரிச்சிருப்பாங்கம்மா, பின்னாடி மூட்டெல்லாம் இழுபட்டிருக்கும். நிறையப் பேருக்கு வரும்" என்றார் டியூட்டி டாக்டர். இரண்டே வாக்கியம். அதை முந்தின நாளே சொல்லியிருந்தால் அந்த இரவு எனக்கு வலி மட்டும் இருந்திருக்கும், பயம் இருந்திருக்காது. இதயத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு நெஞ்சைச் சுற்றி எந்த வலி வந்தாலும் அது இதயம்தான்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 11 மருந்துகள், எது காலை, எது இரவு என்று துல்லியமாக இருந்தது. வலிக்கு ஐந்து நாள் மாத்திரை. நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை கனமாக எதையும் தூக்காதே, கையை ஊன்றி எழுந்திருக்காதே என்று நீங்கள்தான் சொல்லி அனுப்புகிறீர்கள். எலும்புக்குப் பன்னிரண்டு வாரம், வலிக்கு ஐந்து நாளா? ஆறாவது நாள் நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

ஆறாவது நாள் இரவு என் வீட்டுக்காரர் தன் முழங்கால் வலிக்கு வைத்திருந்த டைக்ளோஃபினாக் அட்டையை எடுத்து வந்தார். "வலி மாத்திரைதானே, ஒண்ணு போட்டுட்டுத் தூங்கு." மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்துவிட்டார். தண்ணீர் டம்ளர் இன்னொரு கையில். ஏனோ மனசு ஒப்பவில்லை, வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்த சிஸ்டர், "ஐயோ, அது வேண்டாம்மா, கீழ வைங்க" என்றார். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் பைபாஸ் செய்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதும், பைபாஸ் சமயத்து வலிக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது என்று 2005லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுதிக் கொடுக்கும் சின்ன ஆஸ்பிரின் வேறு கணக்கு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயம் என் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரியாக வரவில்லை. அந்த இரவு போனை எடுக்க ஆள் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் விழுங்கியிருப்பேன்.

இதைப் பெண்களுக்காக எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நெஞ்சின் நடுவே தையல் இருக்கும்போது மார்பகத்தின் கனம் இரண்டு பக்கமும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் இழுக்கும், ஒருக்களித்தால் இன்னும் இழுக்கும். ஆண் டாக்டர்கள் இதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள், நாங்களும் வாய் திறப்பதில்லை. கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த, மெத்தென்ற உள்ளாடையைப் போட்டுத் தாங்கல் கொடுத்தால் இழுப்பு குறையும் என்று எனக்குச் சொன்னவர் வார்டில் சுத்தம் செய்ய வந்த அம்மா. அவருடைய அக்காவுக்கும் இதே ஆபரேஷன் நடந்ததாம். அவர் சொன்னது பலித்தது. இது உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய விஷயம்.

மூன்று மாதம் கழிந்த பிறகும் எனக்கு இடது மார்பில் ஒரு உள்ளங்கை அளவு இடம் மரத்தே இருந்தது. மரத்த இடத்திலேயே எரிச்சலும் இருக்கும் என்றால் யார் நம்புவார்கள்? புடவைத் தலைப்பு உரசினால் நெருப்புப் பொறி பட்டது போலிருக்கும். செக்கப்புக்குப் போனால் தையலைப் பார்த்தார்கள், எக்கோ பார்த்தார்கள். "எல்லாம் நல்லா ஆறியிருக்கு. போகப் போகச் சரியாயிடும்." இரண்டு தடவை இதையே கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது முறை வேறொரு டாக்டர், பஞ்சால் அந்த இடத்தைச் சும்மா வருடிப் பார்த்தார். நான் துள்ளியதைப் பார்த்துவிட்டு, இது நரம்பு வலி என்றார். பைபாஸுக்காக மார்புச் சுவரின் உள்பக்கத்திலிருந்து ரத்தக்குழாயைப் பிரித்தெடுக்கும்போது அங்கிருக்கும் நரம்புகள் அடிபடுவதுண்டு என்று விளக்கி, நரம்பு வலிக்கான மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், மருந்து கிடைத்ததற்காக அல்ல, அந்த வலிக்கு ஒரு பெயர் இருந்ததற்காக.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, 2022ல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டில் தனிக் குறியீடோடு இருக்கிறது. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. உங்கள் துறையே ஏற்றுக்கொண்டதைத்தான் கேட்கிறேன்: மூன்றாவது மாத செக்கப்பில் எக்கோவோடு சேர்த்து, "தொட்டால் எரிகிறதா?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பக்கத் தாள் போதும். மாத்திரை தீர்ந்த பிறகு எதைப் போடலாம், ஒரு நாளைக்கு எத்தனை வரை, எதைத் தொடவே கூடாது. முதுகு வலிக்கும், தோள் வலிக்கும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வரி. எந்த வலிக்கு ஓடி வர வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: நெஞ்செலும்பு அசையும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டால், தையலில் சீழோ சிவப்போ தெரிந்தால், காய்ச்சல் வந்தால், குறைந்துகொண்டிருந்த வலி திரும்ப ஏறினால், மூச்சுத் திணறினால், ஆபரேஷனுக்கு முன்னால் வந்த அதே நெஞ்சு வலி மறுபடி வந்தால். கீழே, இரவிலும் யாராவது எடுக்கும் ஒரு போன் நம்பர்.

அந்தத் தாளை எழுத உட்காரும்போது நோயாளிகள் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். எங்களுக்குப் புரியும் வார்த்தை எது, புரியாதது எது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

அன்புடன்,
பைபாஸ் செய்துகொண்ட ஒரு பெண்