கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசு,

நலம். நீயும் தங்கச்சியும் அம்மிணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மிணி கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள் என்று நீ எழுதியிருந்ததை எங்கள் வீட்டில் சத்தமாகப் படித்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா மட்டும், "அந்த ஊர் ரோட்டில் புள்ளை தனியாவா ஓட்டுது?" என்று கவலைப்பட்டார்.

இங்கே ஆழியாறு தண்ணீர் இந்த முறை தாமதமில்லாமல் வந்தது. தென்னைக்கு வேர்வாடலும் வெள்ளை ஈயும் விட்டபாடில்லை. உன் பெரியப்பா தோப்பில் கிழக்கு வரிசை மரங்களை வெட்டிவிட்டார்கள். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. மற்றபடி ஊர் சௌகரியம்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிரெஸ்னோவில் இருந்தவரை ஒரு தொகை கட்டினாய். லாஸ் ஏஞ்சலஸுக்கு வீடு மாற்றியதும் கார் இன்சூரன்ஸ் ஏறியது. அம்மிணி பெயரைச் சேர்த்ததும் இன்னும் ஏறியது. அதே கார், அதே மாநிலம், ஓட்டுகிறவனும் அதே ஆள், இதில் என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷமாக இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன், பதில் சொல்லாமல் இருக்க முடியுமா!

உன் கலிபோர்னியா மாநிலத்தில் 1988 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 103ஆம் முன்மொழிவு என்று அதற்குப் பெயர். கார் இன்சூரன்ஸ் விலையை முதலில் மூன்று விஷயங்களை வைத்துத்தான் போட வேண்டும் என்று அது சொல்கிறது. ஓட்டுநரின் விபத்து, விதிமீறல் வரலாறு ஒன்று. வருஷத்துக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்பது அடுத்தது. எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்பது மூன்றாவது. இருக்கும் இடம் உட்பட மற்றதெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும். விலையை ஏற்றும் முன் கம்பெனிகள் மாநில இன்சூரன்ஸ் கமிஷனரிடம் அனுமதி வாங்க வேண்டும், அந்தக் கமிஷனரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இடத்துக்குக் கொடுக்கும் எடை இந்த மூன்றையும் மிஞ்சக் கூடாது என்று 2006இல் விதிகளை இன்னும் இறுக்கினார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் கடன் மதிப்பெண்ணைப் பார்த்து விலை வைப்பது அங்கே கிடையாது. 2019இலிருந்து ஆணா பெண்ணா என்றும் பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கடன் மதிப்பெண் கார் இன்சூரன்ஸ் வரை வந்து நிற்கிறது. அந்த வகையில் நீ நல்ல இடத்தில்தான் இருக்கிறாய்.

அப்படியும் வீடு மாறினதுக்கு ஏன் ஏறியது என்றால், இடம் பின்னுக்குப் போனதே தவிர அழிந்துபோகவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே சாலையில் எத்தனை வண்டி என்று நீயே பார்க்கிறாய். நெரிசல் கூடினால் இடிப்பது கூடும். கார் திருட்டு, வொர்க்‌ஷாப் கூலி, ஆஸ்பத்திரிச் செலவு, வக்கீல் செலவு, இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இடித்தால் யார் கொடுப்பது என்ற கணக்கு, இவ்வளவும் உன் பின்கோடுக்குள் அடங்கியிருக்கிறது. கம்பெனி பக்கம் இருந்து பார்த்தால் இது பொய்க் கணக்கு இல்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. நெரிசலான இடத்தில் வாடகைக்கு இருக்கிறவன் விரும்பியா அங்கே இருக்கிறான்? பஸ் வசதி இல்லாத ஊரில் வேலைக்குப் போகக் கார் வேண்டும், காருக்கு இன்சூரன்ஸ் வேண்டும். ஒரு விபத்தும் செய்யாதவன், பக்கத்துத் தெருவில் நடக்கும் விபத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறான். அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மிணி விஷயத்தில் நீ வருத்தப்பட வேண்டாம். அவளுக்கு ஏறியது அனுபவ வருஷம் என்ற அந்த மூன்றாவது கணக்கால். நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி அதே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அதுவரை பெரிய விதிமீறலுக்கு டிக்கெட் எதுவும் வாங்காமல் ஓட்டச் சொல். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனித் தள்ளுபடி பல கம்பெனிகளில் உண்டு, மார்க் ஷீட்டை அனுப்பிக் கேட்டுப் பார். அப்புறம் நீ இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாய் அல்லவா? பிரெஸ்னோவில் இருந்தபோது சொன்ன மைல் கணக்கே பாலிசியில் கிடந்தால், ஓடாத மைலுக்கும் சேர்த்துக் கட்டுகிறாய் என்று அர்த்தம். முதல் வேலையாக அதை மாற்று.

இங்கே கதை வேறு. உனக்கு மறந்திருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பாலிசியில் இரண்டு பாகம். நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி கட்டாயம், அதற்கு விலை வைப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் 1000 சி.சி. வரை உள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. காஷ்மீரிலும் அதே, கன்னியாகுமரியிலும் அதே. வாரத்துக்கு ஒரு நாள் கொல்லங்கோடு கோயிலுக்கு மட்டும் காரை எடுக்கும் ரிட்டயர்டு வாத்தியாரும், பொள்ளாச்சி ரோட்டில் ராத்திரி ரேஸ் விடும் பையனும் ஒரே தொகை கட்டுகிறார்கள்.

நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் என்கிற இன்னொரு பாகத்தில் இடம் வரும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விலைப் பட்டியலான 2002 டாரிஃப் நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரமும் ஏ மண்டலம். பாக்கி இந்தியா முழுவதும் பி. 2007 ஜனவரியிலிருந்து கம்பெனிகள் அவரவர் விலையை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் மண்டலம் பாலிசியில் இன்றைக்கும் அச்சாகி வருகிறது. பழைய விகிதத்தில் ஒரு கணக்கைப் பார். 1200 சி.சி. கார், ஐந்து வருஷத்துக்கு உட்பட்டது, மதிப்பு 5 லட்சம். ஏ மண்டலத்தில் 3.283 சதவீதம், அதாவது 16,415 ரூபாய். பி மண்டலத்தில் 3.191, அதாவது 15,955. வித்தியாசம் 460 ரூபாய், அவ்வளவுதான்.

அந்த மண்டலமும் வண்டி ஓடும் ஊரைப் பார்ப்பதில்லை, பதிவு செய்த ஊரைத்தான் பார்க்கிறது. சென்னையில் வேலை பார்த்து வடகரப்பதிக்குத் திரும்பி வந்தவர் ஒருவர் இருக்கிறார். கார் சென்னைப் பதிவு, ஓடுவதெல்லாம் பனைமரத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவில். ஆர்.சி.யை மாற்றும்வரை அவர் சென்னைக்காரர் கணக்குதான். மாநில எல்லையான கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, பொள்ளாச்சிப் பதிவு டி.என். 41, இந்தப் பக்கம் நம் கேரளம், சித்தூர்ப் பதிவு கே.எல். 70. மாமன் மச்சான் விலாசத்தில் அந்தப் பக்கம் பதிவு செய்தால் இன்சூரன்ஸும் குறையும் என்று இன்னும் சிலர் என்னிடம் வந்து நிற்கிறார்கள். குறையாது, இரண்டும் பி மண்டலம்தான் என்று சொல்லி அனுப்புகிறேன். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அது வேறு சமாச்சாரம். வருஷக் கணக்கில் இங்கே ஓடும் வண்டி இங்கே பதிவில் இருக்க வேண்டும், பன்னிரண்டு மாதம் தாண்டினால் மாற்றியாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

இடத்தைப் பார்க்க வேண்டிய நேரத்திலும் நம் விலை பார்ப்பதில்லை. 2018 ஆகஸ்டில் மலம்புழை அணையைத் திறந்தபோது பாலக்காட்டில் கல்பாத்திப் புழையோரம் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். நம் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். பாலிசியில் இரண்டும் ஒன்றுதான். அதனால் அந்த வேலையை நானே செய்கிறேன். புழையோரம் வீடு என்றால் என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பொதுவாகக் கிடைக்காது. நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பணம் மிச்சம்.

ஓட்டுகிற ஆளைப் பற்றி நம் பாலிசிக்கு ஏதாவது தெரியும் என்றால் அது நோ கிளெய்ம் போனஸ் ஒன்றின் மூலம்தான். கிளெய்ம் இல்லாத வருஷத்துக்கு 20, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம் ஓன் டேமேஜில் குறையும். மேலே சொன்ன காரில் அது ஏறக்குறைய 8,000 ரூபாய். மண்டலத்தின் 460 ரூபாயை இதோடு வைத்துப் பார். பம்பரில் கீறல் என்று 6,000 ரூபாய்க்குக் கிளெய்ம் போட வருகிறவர்களை நான் உட்கார வைத்து இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். ஒரு கிளெய்ம் போட்டால் மறு வருஷம் பூஜ்யம், மறுபடி 20இலிருந்து ஏற வேண்டும். பாதிப்பேர் கையிலிருந்து கொடுத்துச் சரி பண்ணிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த போனஸ் சொந்தக்காரருடையது, ஓட்டுகிறவருடையது இல்லை. வேலந்தாவளம் பக்கம் ஒரு தோப்புக்காரர். பழைய காரை விற்றபோது அதிலிருந்த 50 சதவீதத்தைப் புதுக் காருக்கு மாற்றிக் கொடுத்தேன். மனுஷன் அறுபதைத் தாண்டி ஓட்டியதே இல்லை. ஒரு ராத்திரி மகன் எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் விட்டான். நல்லவேளை, கையில் சின்ன அடியோடு தப்பித்தான். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், பணமும் வந்தது. அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது அப்பாவின் போனஸ் பூஜ்யம். பாலிசித் தாளில் அவர் பெயர்தான், மகன் பெயர் எங்குமே இல்லை. அதே வருஷம் மகன் சொந்தமாகக் கார் வாங்கினான். அவனுக்கும், இருபது வருஷம் ஆள் மேல் கூடப் படாமல் ஓட்டிய டிரைவர் ஒருவர் முதல் முறையாகக் கார் வாங்கினால் அவருக்கும் ஒரே விலை. எனக்கு இது தப்பாகப் படுகிறது. அந்த டிரைவருக்குக் குறைய வேண்டும், புளியமரம் அந்தப் பையன் பின்னாலேயே வர வேண்டும். உன் மாநிலத்தில் அப்படித்தான் வந்திருக்கும், அதனால்தான் அங்கே ஏறினாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்கிறேன். 2022இல் இங்கேயும் ஓட்டும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப பிரீமியம் வைக்க அனுமதி கொடுத்தார்கள். தூரக் கணக்கில் சிலர் எடுக்கிறார்கள். வாத்தியாருக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடலாம் என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஒரு வேலையை மறக்காதே. அங்கே பாலிசியை நிறுத்தும்போது, எத்தனை வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தாய் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள். வெளிநாட்டில் சேர்த்த போனஸை இங்கே எடுத்துக்கொள்ள டாரிஃபில் இடம் இருக்கிறது, அந்த பாலிசி முடிந்த மூன்று வருஷத்துக்குள் இங்கே எடுக்க வேண்டும். லெட்டர்ஹெட்டில், தேதியோடு, உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே இருக்கட்டும். நகலை எனக்கு முன்கூட்டியே அனுப்பினால் கம்பெனியில் பேசி வைக்கிறேன். எந்தக் கார் என்று தங்கச்சியும் அம்மிணியும் முடிவு பண்ணட்டும்.

அன்புடன்,
பழனிச்சாமி